சாய்மானப் பெஞ்சை ஜெயித்த கதை

எனக்கு அறுபத்தொன்பது முடிந்து எழுபது நடக்கிறது. பெற்று வளர்த்தது நான்கு, பெறாமல் வளர்த்தது இரண்டு. அந்த இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். ஆறு பேருக்கும் ஒரே சட்டியில் சோறு வடித்துப் போட்டு ஆளாக்கினேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. ஒருத்தன் வேப்பூரில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். ஒருத்தி சேத்தியாத்தோப்பில் நர்ஸாக இருக்கிறாள். மற்ற நாலு பேரையும் சொல்ல ஆரம்பித்தால் பெஞ்சுக் கதைக்கு வருவதற்குள் பொழுது போய்விடும்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

வயதைச் சொன்னேன் பாருங்கள், அதை நான் வேலை செய்கிற கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் டீக் கப்பும் அகல் விளக்கும் செய்கிற கம்பெனி அது. அங்கே எனக்குப் பெயர் அக்கா. முதலாளிக்கும் அக்கா, நேற்று வந்து சேர்ந்த பெண்ணுக்கும் அக்கா. ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட வந்த கருவேப்பிலங்குறிச்சிப் பெண் முதல் நாள் என்னை "ஆயா" என்று கூப்பிட்டாள். நான் திரும்பவே இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, யாரோ காதில் சொன்ன பிறகு "அக்கா" என்றாள். உடனே திரும்பி, "என்னாம்மா கண்ணு?" என்று கேட்டேன். அதிலிருந்து அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் நல்ல ஒட்டுதல்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பிறகு நடந்த கூத்து புரியாது. மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை இருக்கும். ஆனால் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் மேல் ஒரு கோடு விழுந்திருக்கும். யானைக்கு முதுகு நெடுக ஒரு கோடு. பிள்ளையாருக்குத் தும்பிக்கையின் மேல் ஒரு கோடு. அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த தடமே தெரியாமல் செய்வது எங்கள் வேலை. நாங்கள் பதினொரு பெண்கள். நான் மட்டுமே முப்பது வருஷத்துக்கு மேல் கோடு சுரண்டியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பந்தியில் வைத்த பிளாஸ்டிக் டம்ளரைத் திருப்பித் திருப்பிக் கோட்டைத் தேடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

சுடாத சாமானுக்குப் பச்சை என்று பெயர். நாங்கள் துடைத்துக் கொடுக்கிற பச்சையை வாங்கி, மேலே பூச்சு பூசி, சூளையில் அடுக்கிச் சுடுவது சூளைக்காரர்கள். ஆண்கள் ஒன்பது பேர். அவர்கள் தொழிலில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சாமானுக்குச் சாமான் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். பூச்சு சூட்டில் உருகும்போது ஒன்றை ஒன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது, உடைக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. சூளையைத் திறக்கும்போது ஒரு பொம்மை விரிசலோடு வந்தால், நீங்கள் பச்சையிலேயே அழுத்திவிட்டீர்கள் என்பார்கள் அவர்கள். நீங்கள் அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றிவிட்டீர்கள் என்போம் நாங்கள். விரிந்த பொம்மை வாய் திறந்து சொல்லப் போவதில்லை. அதனால் சண்டை தீர்ந்ததே இல்லை. பத்தரை மணி டீயும் நாலு மணி டீயும் தனித்தனிதான். நாங்கள் புங்கை மரத்தடியில் தரையில் உட்கார்ந்து குடிப்போம். அவர்கள் சூளைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார்கள்.

அந்தப் பெஞ்சுதான் விஷயம்.

ரயில்வே ஸ்டேஷனில் கிடக்குமே, அது மாதிரி நீளமான தேக்குப் பெஞ்சு. முதுகுக்குச் சாய்மானம் உண்டு. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். அந்தக் காலத்தில் விறகுச் சூளைக்கு ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று பெரிய முதலாளி வாங்கிப் போட்டது. இப்போது காஸ் சூளை வந்துவிட்டது, யாரும் விழித்திருப்பதில்லை. ஆனால் பெஞ்சு மட்டும் அவர்களுடையதாகவே இருந்துவிட்டது.

எனக்கு மூன்று வருஷமாக முழங்கால் மடங்குவதில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். எனக்குக் கை கொடுப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக, டீ முடிந்ததும் எல்லாரும் போன பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். இதைச் சின்ன முதலாளி பார்த்துவிட்டார். பெரியவரின் மகன், வெளியூரில் படித்துவிட்டு வந்தவர், நல்ல பிள்ளை. மறுநாளே எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து மரத்தடியில் போட்டார். நான் அதன் மேல் என் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பத்துப் பேர் தரையில் இருக்க ஒருத்தி மட்டும் நாற்காலியில் இருந்தால் அவளுக்குப் பெயர் அக்கா இல்லை, கிழவி. பதினொரு பேரும் உயரத்தில் உட்கார்ந்தால் நானும் உட்காருவேன். அதற்கு அந்தப் பெஞ்சு வேண்டும். கேட்டு வாங்கவும் மாட்டேன். இப்படி என் முழங்காலும் என் ரோஷமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் விளையாட்டுப் போட்டி வந்தது.

போன பொங்கலுக்கு முன்னால் சின்ன முதலாளி எல்லாரையும் முற்றத்தில் கூட்டி வைத்துப் பேசினார். பொங்கலுக்குச் சூளையை அணைத்து ஆற விடுவோம் அல்லவா, அந்த நாளில் கம்பெனியில் பொங்கல் வைத்து விளையாட்டும் வைக்கலாம், விளையாடினால் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிடுவோம் என்றார். ஒரே குடும்பம் என்றால் இன்னும் அதிகமாகச் சண்டை வருமே என்று நான் நினைத்தேன். ஆணும் பெண்ணும் கலந்து இரண்டு அணி பிரிக்கலாம் என்றார். இரண்டு பக்கமும் முடியாது என்றோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சூளைக்காரர்களும் நாங்களும் ஒற்றுமையாக இருந்தோம். கடைசியில் பச்சைப் பக்கம், சூளைப் பக்கம் என்று பிரிந்தது.

ஜெயித்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எவர்சில்வர் குடம் என்றாள் ஒருத்தி. நான் எழுந்து (மரத்தைப் பிடித்துக்கொண்டுதான்), "குடமெல்லாம் வேணாம் தம்பி. ஜெயிச்சவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு அந்தப் பெஞ்சு" என்றேன்.

சூளைப் பக்கம் சிரிப்புச் சத்தம். சூளை மேஸ்திரி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "யக்கா, நீங்க பெரியவங்க. கேட்டா நாங்களே ஒரு ஓரமா எடம் விடுவோமே" என்றார்.

இந்த மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னைவிட மூத்தவர். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். மரியாதைக்கு என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது மரியாதை இல்லை. நீதான் மூத்தது, நீதான் மூத்தது என்று இருபது வருஷமாக நடக்கிற சண்டை. "நீங்கதான்ணே பெரியவங்க. நல்லா சாஞ்சிக்குங்க, இன்னும் பதினஞ்சு நாளுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

போட்டி மூன்று. கரண்டியில் எலுமிச்சம்பழம், கயிறு இழுப்பது, கடைசியாக எறிபந்து. இரண்டில் ஜெயிக்கிறவர்களுக்குப் பெஞ்சு.

எறிபந்து எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆபீஸ் பெண் பள்ளிக்கூடத்தில் ஆடியவள். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். வலையைத் தாண்டி வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், பிடித்து மூன்று எண்ணுவதற்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும், கீழே விட்டால் எதிரிக்குப் புள்ளி, மூன்று எண்ணியும் வைத்திருந்தால் அதுவும் எதிரிக்குப் புள்ளி. இவ்வளவுதான் என்றாள். பந்து இல்லாததால் பழைய ஸ்பாஞ்சுகளைத் துணியில் சுற்றி ஒரு பந்து கட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் ஆடிப் பார்த்தோம். காய்கிற பொம்மைப் பலகைகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் ஆட விடுவேன்.

பிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. பச்சைக் கப்பைக் கை மாற்றிக் கை மாற்றி வாங்கிப் பழகிய கை அல்லவா. பந்து வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தால் பூ விழுந்த மாதிரி இருக்கும், சத்தமே வராது. எனக்கு முழங்கால் ஓடாது, அதனால் வலை ஓரம் ஒரே இடத்தில் நிற்க வைத்தார்கள். நின்ற இடத்துக்கு வந்த பந்து எதையும் நான் விட்டதில்லை. ஆபீஸ் பெண் அசந்துபோய், ஸ்கூலில்கூட இப்படி ஒரு டீமைப் பார்த்ததில்லை என்றாள். எனக்கு அப்போதே பெஞ்சின் சாய்மானம் முதுகில் படுகிற மாதிரி இருந்தது.

போட்டி நாள் காலையில் பொங்கல் பொங்கி முடிந்ததும் எலுமிச்சம்பழம். நாங்கள் பச்சைச் சாமான் அடுக்கிய நீளப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு காலம் பூராவும் நடந்தவர்கள். தேர் அசைகிற மாதிரி நிதானமாக நடந்தோம். சூளைக்காரர்கள் குபீரென்று ஓடினார்கள். பாதியிலேயே ஒன்பது பழமும் தரையில் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்றால், சின்ன முதலாளி நடுவில் போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தார். ஆனால் பதினொரு பழமும் கரண்டியில் இருந்தது. ஜெயித்தோம்.

கயிறு இழுப்பதில் தோற்றோம். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அச்சுக்குள் இருக்கும் பொம்மையை இழுத்து எடுக்கக் கூடாது, அது தானாகக் கழன்று வரும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். கயிற்றையும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம், அது கழன்று வரும் என்று. அது கழன்று அவர்களிடம் போய்விட்டது. மேஸ்திரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அக்காவுக்கு மூச்சு வாங்குது, யாராவது தண்ணி குடுங்கப்பா என்றார். எனக்கு மூச்சே வாங்கவில்லை. வாங்குவதற்குள் முடிந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்று ஆனதால் பெஞ்சு எறிபந்தின் கையில் போயிற்று. சின்ன முதலாளி வீட்டிலிருந்து வந்த பழைய கொசுவலையை முற்றத்தின் குறுக்கே கட்டினார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், முதலில் பதினைந்து புள்ளி எடுக்கிறவர்களுக்கு வெற்றி. சின்ன முதலாளி கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய புதுப் பந்தை வெளியே எடுத்தார். சிவப்பு ரப்பர் பந்து. கடை வாசனைகூடப் போகவில்லை.

சூளைப் பக்கம் முதல் பந்தை எறிந்தது. எங்கள் பக்கம் நடுவில் நின்றவள் அழகாகப் பிடித்தாள். ஆபீஸ் பெண் கை தட்டினாள். பிடித்தவள் எறியவில்லை. பந்தை ஒரு தடவை திருப்பினாள். இன்னொரு தடவை திருப்பினாள். விசில். ஒரு புள்ளி போயிற்று.

அடுத்த பந்தை ஓரத்தில் நின்றவள் பிடித்தாள். அவளும் திருப்பினாள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விசில். மூன்றாவது பந்து என்னிடம் வந்தது. பிடித்தேன். பிடித்ததும் பார்த்துவிட்டேன். பந்தின் நடுவில் சுற்றி ஒரு கோடு. ரப்பரை அச்சில் ஊற்றிச் செய்திருக்கிறார்கள், கோட்டைச் சுரண்டாமல் அப்படியே கடைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தக் கம்பெனி பெண்கள் இவ்வளவு மோசமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்தபடியே கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்துவிட்டேன். விசில் ஊதியதுகூட எனக்குக் கேட்கவில்லை.

இப்படியே ஆறு புள்ளி போயிற்று. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஆபீஸ் பெண் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ஏன்க்கா எல்லாரும் பந்த உத்து உத்து பாக்குறீங்க? அதுல என்னாக்கா இருக்குது?"

"கோடு இருக்குது கண்ணு."

"இருந்துட்டுப் போவட்டுமே."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல அவளால் முடியும். அவள் கம்ப்யூட்டர் போடுகிறவள். எங்களில் ஒருத்தி சின்ன முதலாளியிடம் போய், இரண்டே நிமிஷம் கொடுங்கள், கத்தியும் ஸ்பாஞ்சும் எடுத்து வந்து பந்தைச் சுத்தம் பண்ணிவிட்டு ஆடுகிறோம் என்று கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். சூளைப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேஸ்திரி பெஞ்சைப் பார்த்து, எங்கயும் போவாத, இதோ வந்துட்றேன் என்று வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் எனக்கு யோசனையும் வரும். மற்ற ஆறு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"இத பாருங்கடி. இனிமே பந்து கைக்கு வந்ததும் அத பாக்காதீங்க. நிமிந்து எதுத்தாப்ல மேஸ்திரி மூஞ்சிய பாருங்க. அத எவ்ளோ சொரண்டுனாலும் ஒன்னும் பண்ண முடியாது. கை தன்னால எறிஞ்சிடும்."

மந்திரம் மாதிரி வேலை செய்தது. பந்து வந்தது, பிடித்தோம், நிமிர்ந்தோம், மேஸ்திரியைப் பார்த்தோம், எறிந்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழு பெண்கள் மாற்றி மாற்றித் தன் முகத்தையே பார்த்தால் எந்த மனுஷனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு தடவை கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை மீசையைத் தடவிப் பார்த்தார். அந்த நேரத்தில் இரண்டு பந்தை விட்டார்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. சூளைக்காரர்கள் ஏழு பேரும் நிற்கிற நிற்பு எங்கேயோ பார்த்ததாக இருந்தது. முன் வரிசையில் மூன்று, பின் வரிசையில் நான்கு, ஆளுக்கு ஆள் ஒரே அளவு இடைவெளி. நூல் பிடித்த மாதிரி. சூளையில் பிள்ளையாரை அடுக்குகிற வரிசை. பந்து ஒருத்தர் நெஞ்சுக்கு நேராகப் போனால் பிடித்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கு நடுவில் போனால் இவர் அவரைப் பார்க்கிறார், அவர் இவரைப் பார்க்கிறார், இடைவெளிக்குள் மட்டும் இரண்டு பேரும் காலை வைக்க மாட்டேன் என்கிறார்கள். பந்து நடுவில் விழுந்து சும்மா கிடக்கிறது. வைத்த இடத்தைவிட்டு நகர்ந்தால் பக்கத்தில் பட்டுவிடும், பட்டால் ஒட்டிவிடும் என்று அவர்கள் காலுக்குப் பயம்.

"ஆள பாத்து எறியாதீங்கடி, சந்துல போடுங்க" என்றேன்.

சந்து சந்தாகப் போட்டோம். ஆறுக்கு ஆறு ஆயிற்று. பத்துக்குப் பத்து ஆயிற்று. நடுவில் எங்களில் ஒருத்திக்குப் பழைய ஞாபகம் வந்து இரண்டு தடவை பந்தைத் துடைத்துவிட்டாள், முந்தானையால். சமைக்க வந்த ஆள், லாரி டிரைவர், அடுத்த கம்பெனி வாட்ச்மேன் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் பதினாலுக்குப் பதினாலு.

அடுத்த புள்ளியில் பெஞ்சு. அவர்கள் எறிந்த பந்து உயரமாக வந்து நேராக என் கையில் உட்கார்ந்தது. நிமிர்ந்து மேஸ்திரி முகத்தைப் பார்த்தேன். கண் பார்க்கவில்லை, சரி. ஆனால் கட்டைவிரல் சும்மா இருக்குமா? அது கோட்டைக் கண்டுபிடித்துவிட்டது. நான் சுரண்டிய இடம் கொஞ்சம் வழவழப்பாகவே இருந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் அந்த இடம் சுத்தமாகிவிடும். சின்ன முதலாளி ஒன்று என்றார். இரண்டு என்றார். முப்பது வருஷத்தில் கோடு இருக்கிற ஒரு சாமானை என் கையிலிருந்து வெளியே விட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எறிந்தேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து மேஸ்திரிக்கும் அவர் பக்கத்தில் நின்ற பெரிய ஆளுக்கும் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கும் அதற்குள் எங்கள் தந்திரம் தெரிந்துவிட்டது போல. "உள்ள வாடா" என்று கத்திக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தார். அந்தப் பெரிய ஆளும் மேஸ்திரி சொல்லைத் தட்டாமல் அதே சந்துக்குள் பாய்ந்தார். இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு மோதி, கையும் கையும் பின்னி, விழாமல் இருக்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பந்து மேஸ்திரியின் மொட்டைத் தலையில் டக்கென்று விழுந்து, எம்பி, கொசுவலை ஓரமாக உருண்டு போனது.

சூளையைத் திறக்கும்போது இரண்டு சாமான் சேர்ந்து வந்தால் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்வோம். அந்த வார்த்தையைப் பச்சைப் பக்கம், சூளைப் பக்கம், வாட்ச்மேன் எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"ஒட்டிக்கிச்சு!"

மேஸ்திரியும் சிரித்துவிட்டார். ஒட்டினவாக்கிலேயே சிரித்தார்.

பெஞ்சை அவர்களே தூக்கிக்கொண்டு வந்து புங்கை மரத்தடியில் போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்துக்கு மூன்று பேர். மீதி நாலு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிட்டு, நாலு மணி டீயைக் குடித்தேன். அப்படி ஒரு டீயை நான் குடித்ததே இல்லை. டீ என்னவோ அதே டீதான்.

இதோடு கதை முடிந்தால் நல்லது. முடியவில்லை.

பொங்கல் லீவு கழிந்து வேலை தொடங்கியது. முதல் நாள் ஏழு பேரும் பெஞ்சில். இரண்டாம் நாள் ஒருத்தி, காலை நீட்டி உட்கார முடியவில்லை என்று தரைக்கு இறங்கினாள். இன்னொருத்தி அவளுக்குப் பேன் பார்க்க இறங்கினாள். டிபன் பாக்ஸை நடுவில் வைத்து எல்லாரும் கை விட்டுச் சாப்பிடப் பெஞ்சில் வசதி இல்லை என்று அடுத்த நாள் மூன்று பேர் இறங்கினார்கள். வார முடிவில் பத்துப் பேரும் பழையபடி தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் அவ்வளவு நீளப் பெஞ்சில், நடுவில். டீக் கெட்டிலோடு வந்த ஆபீஸ் பெண் என்னைப் பார்த்துவிட்டு, வாய் தவறி, "ஆயா, கோயில்ல சாமி உக்காந்துருக்குற மாதிரியே இருக்கீங்க" என்றாள்.

எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில் ஏழு ஆள் நீளத்துக்குத் தேக்கில் நடந்துவிட்டது. கீழே இறங்கி உட்காரலாம் என்றால் முழங்கால் விடாது. மேலேயே இருக்கலாம் என்றால் ரோஷம் விடாது. அதனால் மறுநாள் டீயை நின்றபடியே குடித்தேன். ஏன்க்கா நிக்கிறீங்க என்று கேட்டார்கள். காற்று வாங்குகிறேன் என்றேன். அதற்கு மறுநாளும் காற்று வாங்கினேன். மூன்றாவது நாள் கால் இரண்டும் மரக்கட்டை.

அப்படி நின்றுகொண்டிருந்தபோது சூளைப் பக்கம் பார்த்தேன். பெஞ்சு போன இடத்தில் சூளைக்காரர்கள் செங்கல் போட்டுக் குந்தியிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடுப்பு வலி என்று அவர் வீட்டம்மா ஒரு தடவை மார்க்கெட்டில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். குந்தினால் எழுந்திருக்க மாட்டார். ஓர் ஆள் கை கொடுக்கவும் விடமாட்டார். அவரும் காற்றுத்தான் வாங்குகிறார். நடுவில் காலி முற்றம். இந்தப் பக்கம் நான் ஒரு கம்பம், அந்தப் பக்கம் அவர் ஒரு கம்பம். மரத்தடியில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. புங்கை இலை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வாங்க, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட நாக்கு எழவில்லை. கூப்பிட்டால் ஜெயித்ததற்கு என்ன மரியாதை? முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அண்ணே, இந்தப் பெஞ்சுக் காலு ஆடுது. உங்ககிட்ட இருந்தப்பயே இப்டிதான் ஆடுச்சா?" என்று கேட்டேன்.

அது ஆடவே இல்லை. யானை ஏறினாலும் ஆடாது. அவருக்கும் அது தெரியும், இருபது வருஷம் உட்கார்ந்தவர். ஆனாலும் டீக் கப்போடு மெல்ல நடந்து வந்தார். ஒரு கையால் பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் காலைப் பார்த்தார். கெட்ட செய்தி சொல்கிற டாக்டர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

"லேசா ஆடுற மாதிரிதான் இருக்குது. சும்மா பாத்தா தெரியாதுக்கா. பாரம் ஏத்திப் பாக்கணும். உக்காருங்க, நீங்கதான பெரியவங்க."

"பெரியவங்க நீங்க நிக்கும்போது நான் எப்டிண்ணே உக்கார்றது? நீங்க உக்காருங்க."

"அக்கா முன்னாடி உக்காந்தா தப்பு."

"அண்ணன் முன்னாடி உக்காந்தா மட்டும் சரியா?"

தரையில் இருந்த பத்துப் பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள், எறிபந்து பார்க்கிற மாதிரி. என் டீ ஆறிவிட்டது. அவர் டீயும் ஆறியிருக்கும். கடைசியில் ஆபீஸ் பெண்தான் எழுந்து வந்து, விசில் இல்லாததால் கையைத் தூக்கி, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். மூன்று என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். யார் மூத்தது என்பது அன்றைக்கும் தீரவில்லை. பெஞ்சின் இந்தக் கோடியில் நான், கொஞ்சம் தள்ளி அவர். நடுவில் இடைவெளி விட்டு, அதில் தன் டீக் கப்பை வைத்தார்.

"எதுக்குண்ணே நடுவுல கப்பு?"

"ஒட்டிக்கக் கூடாதுல்ல" என்றார்.

பத்துப் பெண்களும் சிரித்த சிரிப்பில் ஒருத்தியின் டீ மூக்கில் ஏறிவிட்டது. என்ன சிரிப்பு என்று பார்க்கச் சூளைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மறுநாள் நாலு பேர் செங்கல்லை எடுத்துக்கொண்டே வந்தார்கள். இப்போது டீ எல்லாருக்கும் மரத்தடியில்தான். பொம்மையில் விரிசல் வந்தால் சண்டை இன்றைக்கும் உண்டு, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம், கத்த வேண்டியதில்லை. விளையாட்டு வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சின்ன முதலாளிக்குப் பெருமை. இருக்கட்டும், நல்ல பிள்ளை.

மேஸ்திரி தினமும் பத்தரைக்கு வந்து, "இன்னும் ஆடுதாக்கா?" என்று கேட்பார். "ஆடுதுண்ணே" என்பேன். உட்கார்ந்து சோதிப்பார். ஒரு வருஷமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

இதோ அடுத்த பொங்கல் வரப் போகிறது. சூளைப் பக்கத்தில் இந்தத் தடவை ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நின்று பழகுகிறார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒரு புதுப் பந்து வாங்கி, பதினொரு பேரும் சேர்ந்து அதன் கோட்டை முழுக்கச் சுரண்டி முடித்துவிட்டோம். அதைத்தான் போட்டிக்குக் கொடுக்கப் போகிறோம். அவர்கள் ஜெயித்தால் பெஞ்சு சூளைச் சுவரோரம் போகும். போகட்டும். அங்கே போனாலும் அந்தக் கால் ஆடத்தான் செய்யும், யாராவது போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

போதும் பாப்பா, பேனாவை மூடு. முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, கேட்கிறேன். வயது வருகிற இடத்தை மட்டும் மெதுவாகப் படி. மேஸ்திரியின் மருமகள் பக்கத்து வீட்டு வாசலில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.